நோய்க்கு ஏது அடையாள அட்டை?

நோயுற்ற ஒருவன் மருத்துவமனை வாயிலுக்கு வருகிறான். மூச்சு இரைக்கிறது, நடை தள்ளாடுகிறது, உடன்வந்த துணைவியின் கண்களில் நீர் தளும்புகிறது. உள்ளே இருப்பவர் அவனைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது என்ன? "எங்கே வலிக்கிறது?" என்பதன்றோ! ஆனால், காதில் விழும் கேள்வி பல இடங்களில் வேறாக இருக்கிறது. "பட்டாளத்தில் பணியாற்றினாயா? கம்பெனியில் எண் கொடுத்திருக்கிறார்களா? காப்பீட்டு அட்டை உண்டா? எதுவுமே இல்லையா? அப்படியானால் முன்பணம் எவ்வளவு கட்டுகிறாய்?" வலி எங்கே என்பது பிறகு, ஆள் யார் என்பதே முன்பு.

ஆள் யார் என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. கிணற்றடியில் கேட்டனர், கோயில் வாயிலில் கேட்டனர், உண்டிச்சாலையில் கேட்டு, விடை தெரிந்த பின் தனியிடம் காட்டினர். கேட்கும் உரிமை எவனுக்கும் இல்லை என்று சொல்வதற்காகவே தமிழகத்தின் பகுத்தறிவாளர் தெருத்தெருவாக நின்று பேசினர், கல்லடியும் பட்டனர். மருத்துவமனை வாயிலில் கேட்கப்படும் கேள்வியில் சாதி இல்லை. அது உண்மை, அதை நாம் மறைக்கவில்லை. சாதி இல்லை என்ற ஒரு காரணத்தாலேயே அது நியாயமான கேள்வியாகி விடுமா? அதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவதற்கு ஏற்ற வகையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டம், குண்டடம் பக்கத்துச் சிற்றூர். வானம் பார்த்த பூமி. கொறங்காட்டில் ஆடும் மாடும் மேயும். அப்பால் காற்றாலைகள் சுழலும். பொழுது புலருமுன் பனியன் கம்பெனி வண்டி வந்து ஒலி எழுப்பும். இளைஞரும் பெண்டிரும் சோற்றுப் பாத்திரத்தோடு ஏறுவர், இருட்டிய பிறகே இறங்குவர். அந்த வீட்டில் உடன்பிறந்தார் நால்வர். மூத்தவர் இராணுவத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் திருப்பூரில் பவர்டேபிள் டைலர். மூன்றாமவர் தங்கை, மூட்டையாக வந்து இறங்கும் பனியன்களுக்குத் திண்ணையில் அமர்ந்து பிசிர் எடுத்து, உருப்படிக்கு இத்தனை காசு என்று கூலி வாங்குபவர். கடைக்குட்டி, பிறர் காட்டில் கூலிக்கு ஆடு மேய்ப்பவர். தாய்வழியாக நால்வருக்கும் வந்தது சர்க்கரை நோய். ஒரே வயிற்றில் பிறந்தனர். ஒரே நோயைப் பெற்றனர். நாடு அவர்களுக்கு அளிக்கும் விடை ஒன்றுதானா?

மூத்தவரிடம் ஓர் அட்டை இருக்கிறது. 2003 ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தந்த அட்டை அது. ஓய்வூதியம் பெறுவோர் ஒருமுறை பங்குத்தொகை செலுத்திச் சேர்ந்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் தாமும் துணைவியும் மருத்துவம் பெறலாம். கோவையில் அதற்கென்றே மருந்தகம் உண்டு. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், பதிவு பெற்ற தனியார் மருத்துவமனைக்கு எழுதித் தருவர். இத்தனை இலட்சம்தான், இதற்கு மேல் இல்லை என்று கோடு கிழிப்பதும் கிடையாது.

டைலரிடம் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறது. கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசு அவர் தருகிறார். முதலாளி 3 ரூபாய் 25 காசு தருகிறார். 2019 ஜூலையில் வந்த விகிதம் இது. அதற்கு ஈடாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, 91 நாள் வரையில் கிடைக்கும். நல்ல ஏற்பாடு, போராடிப் பெற்ற ஏற்பாடு. ஆனால், எண் உயிரோடிருக்க வேண்டும். கம்பெனி மாறி, காண்டிராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கப் போனால், அந்தக் காண்டிராக்டர் பதிவேட்டில் பெயர் எழுதாவிட்டால், எண் உறங்கிவிடும். கூலி கூடி மாதம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும் போச்சு. 2017 முதல் உச்சவரம்பு அதுதான். கூலி உயர்ந்ததற்காக மகிழ்வதா, மருந்து போனதற்காக வருந்துவதா என்று தெரியாமல் திகைக்கும் தொழிலாளியை இந்தச் சட்டம் உண்டாக்கி வைத்திருக்கிறது!

தங்கைக்கு முதலாளி யார்? மூட்டை கொண்டுவந்து போடுகிறவரா, அவருக்குக் கொடுத்த பட்டறைக்காரரா, பட்டறைக்கு வேலை தந்த ஏற்றுமதியாளரா, ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் தந்த ஐரோப்பியக் கடைக்காரரா? நால்வரும் அவருடைய உழைப்பில் பங்கு பெறுகின்றனர். நால்வரில் ஒருவரும் அவருக்கு முதலாளி அல்லர். ஆகவே எண் இல்லை. அவருக்கும் ஆடு மேய்க்கும் இளையவருக்கும் இருப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயரும் வடிவமும் மாறி நடந்துவரும் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஏழைக் குடும்பங்கள் பலவற்றைக் கடன்காரன் கையினின்று காத்த திட்டம் இது. குறை சொல்வதற்கென்றே குறை சொல்லும் பழக்கம் நமக்கில்லை. ஆயினும் காப்பீட்டின் இயல்பைக் கவனியுங்கள். பட்டியலில் உள்ள அறுவைக்கும் படுக்கையில் கிடத்திச் செய்யும் சிகிச்சைக்கும்தான் அது கண் விழிக்கும். நாள்தோறும் விழுங்க வேண்டிய சர்க்கரை மாத்திரை அதன் கண்ணுக்குத் தெரியாது. புண் முற்றிக் காலை எடுக்க வேண்டிய நாள் வந்தால் எழுந்து நிற்கும்!

அந்த மாத்திரையைத் தருவது யார்? ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் தருகிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர் வீடு தேடி வந்தும் தருகின்றனர். அவர்கள் படைப்பிரிவைக் கேட்பதில்லை. கம்பெனி எண்ணையும் கேட்பதில்லை. சர்க்கரை எவ்வளவு என்று மட்டுமே பார்க்கின்றனர்.

ஆக, ஒரே கூரையின்கீழ் மூன்று நீதிகள் வாழ்கின்றன. இரத்தம் சிந்த முன்வந்தவனுக்கு மருத்துவம் என்பது ஒன்று. வியர்வை சிந்துகிறவனுக்கு, அதுவும் பதிவேட்டில் சிந்துகிறவனுக்கு மருத்துவம் என்பது இரண்டாவது. நோயுற்றவனுக்கு மருத்துவம் என்பது மூன்றாவது. மூன்றும் கருணையால் பிறந்தவை என்று கருதிக்கொண்டிருப்போர்க்கு வரலாறு வேறு கதை சொல்லும்.

படைவீரனுக்கு மருத்துவம் அளிக்கும் வழக்கம் அரசுகளின் நன்றியுணர்ச்சியில் மட்டும் தோன்றியதன்று. நோயாளிச் சிப்பாய் சுடமாட்டான். ஆகவே அவனைக் குணப்படுத்தினர். சென்னையின் பெரிய அரசுப் பொது மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். 1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்காக ஏற்பட்டதுதான் அதன் முதல் உருவம். கோட்டைக்கு வெளியே இருந்த தமிழனுக்கு அப்போது அங்கே இடமில்லை. அவனுக்கு ஏற்பட்டிருந்தது தலைவிதி. 'முற்பிறப்பில் செய்த வினை' என்று சொல்லிவிட்டால் மருந்துச் செலவு மிச்சமன்றோ! நெடுங்காலம் கழித்துத்தான் அக்கதவு நம்மவர்க்குத் திறந்தது. இங்கிலாந்திலும் அதே கதை. 1899-ல் மூண்ட போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, தொழில் நகரங்களினின்று வந்த இளைஞரில் பலர் துப்பாக்கி தூக்கவும் தகுதியற்ற மெலிந்த உடலினர் என்று கண்டு அரசு அதிர்ந்தது. அதன் பின்னரே 1906-ல் பள்ளிப்பிள்ளைகளுக்கு உணவும், 1907-ல் மருத்துவச் சோதனையும் சட்டமாயின. ஏழையின் எலும்பும் தோலும் அதுவரை கண்ணில் படவில்லை. படைக்கு ஆள் குறைந்தபோது பட்டன.

படைவீரருக்குத் தரும் மருத்துவத்தை நாம் குறை கூறவில்லை. குண்டடத்திலிருந்தும் காங்கயத்திலிருந்தும் போய்ப் பனிமலையில் காவல் நின்று திரும்பிய அவில்தாரின் அட்டையைப் பறிக்கச் சொல்பவன் மனிதனாக மாட்டான். நாம் கேட்பது, அந்த அட்டை எந்த அடித்தளத்தில் நிற்கிறது என்பதை. உயிரைப் பணயம் வைத்ததற்குக் கைம்மாறு என்கின்றனர். அப்படியானால் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தைப் பாருங்கள். நான்காண்டு பணி, அது முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைப்படையில் சேர்க்கப்படுவர், மற்றவர் ஒரு தொகையைப் பெற்று வீடு திரும்ப வேண்டியதுதான். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவமும் இல்லை. அவர்கள் நின்ற எல்லை வேறா? எதிரியின் குண்டு, நான்காண்டு ஒப்பந்தக்காரன் என்று பார்த்து விலகிச் செல்லுமா? கைம்மாறு என்று தொடங்கியது, எண்ணிப் பார்த்துச் செலவைக் குறைக்கும் கணக்காக முடிந்துவிட்டதே! மருத்துவத்தை ஊதியமாகத் தருகிறவன், ஊதியத்தைக் குறைக்கும் நாளில் மருத்துவத்தையும் குறைப்பான். இரத்தத்துக்கே இக்கதி என்றால், வியர்வைக்கு?

தொழிலாளர் காப்பீடு பிறந்த கதையையும் சற்றுக் கேட்போம். 1883-ல் செருமனியில் அதைக் கொண்டுவந்தவர் பிசுமார்க். தொழிலாளி பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்துவிடாமலிருக்கக் கொடுக்கப்பட்ட மருந்து அது. கொடுத்தவர் தொழிலாளர் தோழர் அல்லர். அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1942-ல் போர்க்காலத்தில் கூலி உயர்வுக்கு அரசு தடை விதித்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய கம்பெனிகள், கூலியைத்தானே உயர்த்தக்கூடாது என்று, மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆளை இழுத்தன. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. 1945-ல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் நாட்டினர் அனைவருக்கும் காப்பீடு வேண்டும் என்றபோது, மருத்துவர் சங்கம் 'சோசலிச மருத்துவம்' என்று பூச்சாண்டி காட்டி அதை வீழ்த்தியது. 1965-ல் முதியோருக்கும் வறியோருக்கும் மட்டும் சட்டம் வந்தது. நடுவயதினர் கம்பெனியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றனர். அங்கே வேலை போனவனுக்கு, பல வேளைகளில் மருத்துவரும் போகிறார்.

நம் நாட்டில் பேராசிரியர் அதார்க்கர் 1944-ல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அறிக்கை தந்தார். 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-ல் கோவைக்கு வந்தது. ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் நின்ற காலம் அது. அந்தக் கூரைக்கு ஏற்பத் தைத்த சட்டை இது. திருப்பூரின் கூரையோ சிதறிய கூரை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங் ஓரிடம், தையல் வேறிடம், பிசிர் குண்டடத்துத் திண்ணை. 10 பேருக்குக் குறைந்த பட்டறை பொதுவாகச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆகவே ஒன்பது பேரோடு நிற்பதில் ஒரு வசதி! ஏறத்தாழ நூறாண்டாகப் பனியன் நெய்யும் அந்த நகரத்தின் தொழிலாளர்க்கு, பெரிய நோய் என்றால் நெடுங்காலம் கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைதான் கதி. திருப்பூரிலேயே 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019 பிப்ரவரியில்தான். அந்நியச் செலாவணியைக் கோடி கோடியாகக் கணக்கிட்டு மகிழ்ந்தோர், படுக்கையை எண்ண இத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டனர்.

இன்னொன்று. தொழில் உண்டாக்கும் நோய் தொழிற்சாலையின் வாயிலோடு நிற்பதில்லை. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கிற்று. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் குட்டையானது. கீழே இருந்த உழவர் பல்லாண்டு வழக்காடினர்; 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்த உழவர் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்தவர் அல்லர். அவருக்கு எண் இல்லை. ஆனால், கம்பெனி அவர் கிணற்றுக்குள் வந்துவிட்டதே! முதலாளி தன் தொழிலாளிக்கு மட்டும் மருத்துவம் தந்தால் போதும் என்னும் நீதி, இந்தக் கிணற்றின் கரையில் வந்து வாயடைத்து நிற்கிறது.

கடல் கடந்து நம் உறவினர் வாழும் இலங்கையில் இந்த இரு நீதிகளும் பக்கம் பக்கமாக நின்று தம்மைக் காட்டிக்கொண்டன. 1931-ல் அங்கே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934-35-ல் மலேரியா கொள்ளை கொண்டது. வாக்குக் கேட்டு வந்த தலைவர்களிடம் சிற்றூர் மக்கள் மருத்துவமனை கேட்டனர். அரசு மருத்துவமனைகள் கிராமந்தோறும் பரவின. அரசே இலவசமாக நடத்தும் மருத்துவத்துக்கு ஏழை நாடுகளில் எடுத்துக்காட்டாக இன்று அத்தீவைக் காட்டுகின்றனர். ஆனால், தேயிலைத் தோட்டத்துத் தமிழருக்கு? அவர்களுக்குத் தோட்ட முதலாளி மருத்துவம் பார்க்க வேண்டும் என்று தனி ஏற்பாடு. தோட்டத்துக்கொரு மருந்தகம், அதில் பல இடங்களில் முழுப்படிப்பு இல்லாத ஒருவர். முதலாளிக்குச் செலவு, ஆகவே சிக்கனம். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய குடியுரிமையையும் பறித்தது. வாக்கு இல்லாதவன் மருத்துவமனை கேட்டால் யார் செவிசாய்ப்பர்? தீவின் பிற பகுதிகளில் குழந்தை இறப்பு விரைந்து குறைந்த காலத்தில், தோட்டத்து லயங்களில் அது பல்லாண்டு பின்தங்கியே நின்றது. 1990-களில்தான் தோட்ட மருத்துவமனைகளை அரசு சிறிது சிறிதாக ஏற்கத் தொடங்கியது. ஒரே தீவு, ஒரே மழை, ஒரே கொசு. ஒருபுறம் குடிமகன் என்பதால் மருத்துவம், மறுபுறம் கூலி என்பதால் மருத்துவம். எது உயிரைக் காத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை எந்த விஞ்ஞானியும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

நம் நாட்டுக்கும் வழி தெரியாமலில்லை. சர் சோசப் போர் தலைமையில் 1943-ல் அமைந்து 1946-ல் அறிக்கை தந்த குழு (நம் மருத்துவப் பேரறிஞர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதில் உறுப்பினர்), பணமில்லை என்பதால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்றும், வரிப்பணத்தில் அனைவருக்கும் பொதுவாக அதை அரசே நடத்த வேண்டும் என்றும் சொல்லிற்று. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையம் அந்தச் சிந்தனையின் பிள்ளைதான். பிள்ளையைப் பெற்றார்கள், சோறு போட மறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக எழுதி வைத்தது. 2025 வந்தது, போயிற்று, இலக்கு வரவில்லை.

"எல்லார்க்கும் இலவசம் என்றால் எவர்க்கும் தரமில்லை" என்பர் மறுப்பாளர். அரசு மருத்துவமனையின் வரிசையைக் காட்டுவர். தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கிடப்போரைக் காட்டுவர். காட்டட்டும்; நாமும் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும் என்று எண்ணி, தனியார் மருத்துவரிடம் கடன் வாங்கிக்கொண்டு போன தாய்மாரையும் அறிவோம். ஆனால், அந்த வரிசை ஏன் குறையவில்லை? அதில் ஏழை மட்டுமே நிற்பதால். அமைச்சரின் மகனும், ஆலை முதலாளியின் மனைவியும், மாவட்ட அதிகாரியின் தந்தையும் அதே வரிசையில் அரைநாள் நிற்கட்டும். மறுநாள் மருத்துவர் எண்ணிக்கை கூடும், மறுவாரம் மின்விசிறி சுழலும். அவரவர்க்கு ஓர் அட்டை கொடுத்து, குரல் உள்ளவரையெல்லாம் வேறு வாயில் வழியாக அனுப்பிவிட்டு, குரலற்றோர் நிற்கும் வாயிலைப் பார்த்துத் தரமில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

பொது மருத்துவத்தால் முடியாது என்போர்க்கு அம்மை நோயை நினைவூட்டுவோம். அந்நோய்க்குத் தெய்வப் பெயரிட்டு, வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றிக் கும்பிட்ட நாடு இது. 1975-ல் இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். 1980-ல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. எப்படி? வீடு வீடாகச் சென்று, ஆள் யார் என்று கேளாமல் ஊசி குத்தியதால். "உனக்குக் கம்பெனி எண் உண்டா?" என்று கேட்டு ஊசி போட்டிருந்தால் அந்தக் கிருமி இன்றும் நம்மோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். மருந்துச் செலவு தாங்காது என்போர்க்கு, 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் காட்டலாம். மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி, விலையை இறக்கி, பிற மாநிலங்களும் பின்பற்றும் வழியைக் காட்டியது அது. வாங்குகிறவன் ஒருவனாக நின்றால், விற்கிறவன் பணிகிறான்.

அனைவருக்கும் மருத்துவம் என்பதை 1948 ஜூலை 5-ல் பிரிட்டனில் நடத்திக்காட்டிய அன்யூரின் பெவன், சிறுவனாகவே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவருடைய ஊரான டிரெடிகரில் சுரங்கத் தொழிலாளர் வாரக்கூலியில் சிறு பங்கு போட்டு ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். காலப்போக்கில் சுரங்கத்தில் வேலை செய்யாதவரும் அதில் சேர்ந்து, ஊரே அதன் நிழலில் வந்தது. அந்த ஊர் ஏற்பாட்டைத்தான் பெவன் நாட்டுக்கு விரித்தார். தொழிலாளர் காப்பீடு தன் வேலியைத் தானே பிடுங்கிவிட்டுப் பொது மருத்துவமாக வளர முடியும் என்பதற்கு அது சான்று. அதே பெவன் 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். கொரியப் போரை ஒட்டி ஆயுதச் செலவு பெருக, பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்று நிதியமைச்சர் சொன்னார், பெவன் ஒப்பவில்லை. பல்செட்டுக்காகவா பதவி என்று சிரித்தோர் உண்டு. அடுத்த ஆண்டிலேயே மருந்துச்சீட்டுக்கும் கட்டணம் வந்தது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் நம்மை ஈர்க்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும், எந்த நாட்டவராயினும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. பல்லடம் சாலையில் விழுந்து கிடக்கும் ஒரிசாத் தொழிலாளியையும், அவரை இடித்த காரின் உரிமையாளரையும் ஒரே கண்ணால் பார்க்கும் 48 மணி நேரம்! பிறகு? 49-ஆம் மணி பிறந்ததும் பழைய கேள்வி திரும்புகிறது: "காப்பீட்டு அட்டை உண்டா?" இருந்தால் அங்கேயே தொடரலாம், இல்லையேல் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். 48-ஆம் மணி வரை மனிதனாக இருந்தவன், அடுத்த மணியில் எதுவாக மாறிவிட்டான்? திட்டத்தை வகுத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைக் கேட்கவில்லை. 48 மணிக்கு ஒப்புக்கொண்ட நீதியை 49-க்கு மறுக்கும் காரணம் நீதியில் இல்லை, கருவூலத்தில் இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டவே கேட்கிறோம்.

அப்படியாயின் ஈ.எஸ்.ஐ.யைக் கலைத்துவிடலாமா? கூடாது. அவசரக்காரத் தோழர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். அதில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. நோய்க்கால ஊதியம், பேற்றுக்கால ஊதியம், கையை இயந்திரத்தில் இழந்தவனுக்கு ஈட்டுத்தொகை—இவை உழைப்பிலிருந்து பிறந்த உரிமைகள். உழைப்பை வாங்கியவனே கொடுக்க வேண்டும். பிரிட்டனின் மருத்துவமனை மருந்து தரும். இழந்த கூலியை அந்த மருத்துவமனை தராது. இந்த உரிமையை விட்டுக்கொடுத்தால், முதலாளிக்கு நாமே கதவு திறந்துவிட்டவர்களாவோம். மருந்தும் மருத்துவரும் படுக்கையும் அப்படியல்ல. அவை உழைக்க முடியாத குழந்தைக்கும், உழைத்து ஓய்ந்த கிழவிக்கும், பதிவேடு அறியாத உழைப்பாளிக்கும் அதே அளவில் தேவை. கட்டை அவிழ்த்து, முதலாவதைத் தொழிலாளியின் எண்ணோடு வைத்துக்கொண்டு, இரண்டாவதைப் பொதுவாக்க வேண்டும். 2022 சனவரியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. தாராபுரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒன்றியந்தோறும் சுகாதார நிலையம் இருக்கிறது. புதிதாகக் கட்ட வேண்டியதைவிட, இருப்பவற்றில் ஆளும் கருவியும் நிரப்ப வேண்டியதே மிகுதி.

பணத்துக்கு எங்கே போவது என்பர். ஆள் கணக்கில் வசூலிப்பதால்தான் ஆளை மறைக்கின்றனர். ஆகவே பண்டத்தின் கணக்கில் வசூலிக்கலாம். இது நம் கற்பனை அன்று. கட்டடத் தொழிலாளர் நலனுக்காக 1996-ல் வந்த சட்டம், கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை என்று வைத்தது. செங்கல் சுமந்தவள் யார், அவள் பெயர் எந்த மேஸ்திரியின் ஏட்டில் இருக்கிறது என்று பார்த்து அத்தீர்வையை வசூலிப்பதில்லை. கட்டடம் எழுந்ததா என்று பார்த்து வசூலிக்கின்றனர். பனியன் பெட்டிக்கும் அதுபோல் ஒரு சிறு தீர்வை விதித்து, மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்கென்றே ஒதுக்கினால் என்ன? வங்காளதேசமும் வியட்நாமும் போட்டிக்கு நிற்கின்றன, ஒரு காசு கூடினாலும் ஆர்டர் போய்விடும் என்று ஏற்றுமதியாளர் பதறுவர். நூல் விலை ஏறியபோதும் பதறினர்; தொழில் நின்றுவிடவில்லை. பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறும்போது அதன் எடையும் விலையும் எண்ணிக்கையும் எழுதப்படுகின்றன. அதற்குள்ளிருக்கும் பனியனில் குண்டடத்துத் திண்ணையில் பிசிர் எடுத்தவளின் விரல் பட்டிருக்கிறது. அவள் பெயர் எந்தக் கம்பெனிப் பதிவேட்டிலும் இல்லை. இந்தத் தீர்வையை வசூலிக்க அவள் பெயர் தேவையுமில்லை.